கவுன்சலிங் படிக்க எதுக்கு ஏதென்ஸ் போகணும்? கிரேக்க வேர்களைப் பத்தி ஒரு எளிய விளக்கம்

சைக்காலஜி படிக்கிற பசங்ககிட்ட வெளிநாட்டுல கவுன்சலிங் படிக்கணும்னா எங்க போவீங்கன்னு கேட்டா அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா இதுல ஒண்ணத்தான் சொல்லுவாங்க. கிரீஸ்னு யாரும் சொல்ல மாட்டாங்க, சொன்னா டூர் போறியாடான்னு கேப்பாங்க. ஆனா இப்போ நாம ஹ்யூமனிஸ்டிக் கவுன்சலிங்னு சொல்றதோட வேர் பழைய கிரேக்கத்துல எங்கெங்க இருக்குன்னு அந்த இடத்துலயே போய் உக்காந்து படிக்கிற ஸ்டடி அப்ராட் கோர்ஸ்ல ஒரு நியாயம் இருக்கு. அந்த நியாயம் என்ன, அதுல எவ்வளவு உண்மை எவ்வளவு மிகைன்னு புதுசா வர்றவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

முதல்ல ஹ்யூமனிஸ்டிக் கவுன்சலிங்னா என்னன்னு பார்த்துடுவோம் (என்ஜினியரிங் அட்மிஷன் கவுன்சலிங் இல்லைங்க, இது வேற). 1950கள்ல அமெரிக்காவுல மனசு சம்பந்தப்பட்ட துறையில ரெண்டு பெரிய கட்சி இருந்துச்சு. ஒண்ணு ஃப்ராய்ட் வழி வந்தவங்க, உன் பிரச்சனை எல்லாம் ஆழ்மனசுல, சின்ன வயசுல நடந்ததுல இருக்கு, அதை நான் கண்டுபிடிச்சு சொல்றேன்பாங்க. இன்னொண்ணு பிஹேவியரிஸ்ட்டுங்க, மனசு கினசு எல்லாம் பேசாத, நடத்தையை மட்டும் பாரு, பரிசும் தண்டனையும் வெச்சு மாத்தலாம்பாங்க. இந்த ரெண்டும் வேணாம்னு மூணாவதா ஒரு கூட்டம் கிளம்புச்சு, அவங்களை மூன்றாவது சக்தின்னே சொன்னாங்க, 1961ல அவங்களுக்குன்னு தனியா ஒரு ஆய்விதழும் வந்துச்சு. இதுல ரெண்டு பேர் பேரைத் தெரிஞ்சுக்கிட்டா ஆரம்பத்துக்குப் போதும், ஆபிரகாம் மாஸ்லோ, கார்ல் ராஜர்ஸ்.

ராஜர்ஸ் சொன்னது கேக்க ரொம்ப சாதாரணமா இருக்கும். 1957ல ஒரு சின்ன கட்டுரை எழுதினார், தெரபியில ஒருத்தர் மாறணும்னா என்னென்ன வேணும்னு. ஆறு விஷயம் சொன்னார், அதுல மூணுதான் எல்லா பாடப்புத்தகத்துலயும் இருக்கும்: கவுன்சலர் நடிக்கக் கூடாது, அதாவது உள்ள இருக்கிறதுதான் வெளியவும் இருக்கணும்; எதிர்ல உக்காந்திருக்கிறவரை எந்தக் கண்டிஷனும் போடாம மதிக்கணும், அவரோட உலகத்தை அவர் இடத்துல இருந்தே புரிஞ்சுக்கணும். இது மூணும் கவுன்சலர்கிட்ட இருந்தா மட்டும் பத்தாது, அது க்ளையன்ட்டுக்கும் தெரியணும்னும் சொல்லியிருக்கார், இதை நிறைய பேர் விட்டுடறாங்க. அட்வைஸ் இல்ல, நோய்க்குப் பேர் வெக்கிறது இல்ல, "நீ இப்படிப் பண்ணு" இல்ல. இந்த சூழல் அமைஞ்சா அந்த மனுஷனே தன் வழியைக் கண்டுபிடிச்சுப்பார்ங்கிற நம்பிக்கைதான் மொத்தமும்.

இதுல கிரேக்கம் எங்க வருதுன்னா, முதல்ல சாக்ரடீஸ்கிட்ட வருது.

சாக்ரடீஸோட அம்மா ஃபைனரீட்டி ஒரு மருத்துவச்சி, பிரசவம் பார்க்கிறவங்க. பிளேட்டோ எழுதின தியேட்டீட்டஸ்ங்கிற உரையாடல்ல சாக்ரடீஸ் ஒரு சின்னப் பையன்கிட்ட, கணக்குல கெட்டிக்காரன் அவன், என் அம்மா தொழில்தான் எனக்கும்னு சொல்றார். அவங்க உடம்புக்குப் பிரசவம் பார்த்தாங்க, நான் மனசுக்குப் பார்க்கிறேன், எனக்குன்னு சொந்தமா ஞானக் குழந்தை ஒண்ணும் கிடையாது, அதைப் பெத்துக்கிற பாக்கியம் எனக்கு இல்ல, ஆனா உனக்குள்ள இருக்கிறதை வெளிய எடுக்க உதவ முடியும்னு. இப்போ இதை ராஜர்ஸ் பக்கத்துல வெச்சுப் பாருங்க, பதில் கவுன்சலர்கிட்ட இல்ல, க்ளையன்ட்கிட்டதான் இருக்குங்கிற அதே பேச்சு 2300 வருஷத்துக்கு முன்னாடியே இருக்கு. கிரேக்க வேர்னு சொல்றவங்க எல்லாரும் முதல்ல கை காட்டுறது இந்த இடத்தைத்தான்.

ஆனா இங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். அந்த உரையாடலை முழுசாப் படிச்சீங்கன்னா மருத்துவச்சிக்கு இன்னொரு வேலையும் இருக்குன்னு சாக்ரடீஸே சொல்றார். பொறந்தது நிஜக் குழந்தையா வெறும் போலியான்னு சோதிச்சுப் பார்த்து, போலின்னா தூக்கிப் போட்டுடுவேன், முதல் குழந்தையைப் பறிகொடுத்த தாய் மாதிரி என் மேல கோபப்படாதங்கிறார். கண்டிஷன் போடாத மதிப்பு எங்க இருக்கு இதுல? மெனோங்கிற இன்னொரு உரையாடல்ல அந்த மெனோவே கடுப்பாகி, நீ அந்த ஷாக் அடிக்கிற திருக்கை மீன் மாதிரி, கிட்ட வந்தா என் வாய் மரத்துப் போகுதுன்னு சொல்றான். சாக்ரடீஸ்கிட்ட பேசிட்டு ஆறுதலா வீட்டுக்குப் போனவங்க கம்மி, அவமானப்பட்டு போனவங்கதான் அதிகம். கி.மு. 399ல அவர் மேல வழக்குப் போட்டு விஷம் குடிக்க வெச்சதுக்கு அந்த எரிச்சலும் ஒரு காரணம். அப்பவும் வெறும் 30 ஓட்டு இந்தப் பக்கம் மாறியிருந்தா தப்பிச்சிருப்பேன்னு கோர்ட்லயே சொன்னதா பிளேட்டோ எழுதியிருக்கார்.

நான் கவுன்சலிங் புதுசா படிக்கிறவங்களுக்கு எப்பவும் சொல்ற ஒரு பயிற்சி இருக்கு. ராஜர்ஸ் 1942லயே ஒரு முழு தெரபியை ரெக்கார்ட் பண்ணி, வார்த்தைக்கு வார்த்தை அப்படியே புத்தகத்துல போட்டார், அப்போ அது பெரிய விஷயம், மூடின கதவுக்குப் பின்னாடி நடக்கிறதை யாரும் வெளிய காட்டினதே இல்ல. அதுல ஒரு பத்துப் பக்கம் எடுத்துக்கோங்க, பிளேட்டோவோட ஒரு உரையாடல்லயும் பத்துப் பக்கம் எடுத்துக்கோங்க, யாரு அதிகம் பேசறாங்கன்னு மட்டும் பாருங்க. பிளேட்டோவுல சாக்ரடீஸ் பத்தி பத்தியா பேசுவார், எதிர்ல இருக்கிறவர் "ஆமாம் சாக்ரடீஸ்", "அப்படித்தான் தோணுது"ன்னு சொல்லிட்டே இருப்பார். ராஜர்ஸ்ல க்ளையன்ட் பேசிட்டே போவார், "ம்ம்" கொட்டறது கவுன்சலர். ம்ம் கொட்டற ஆள் பக்கம் மாறினதுதான் ராஜர்ஸ் பண்ணின புரட்சின்னு எனக்குத் தோணும். அதனாலதான் சாக்ரடீஸ் பாணி கேள்வின்னு பேர் போட்டு இன்னிக்கு யூஸ் பண்றவங்க ராஜர்ஸ் கட்சிக்காரங்க இல்ல, ஆரன் பெக் ஆரம்பிச்ச காக்னிட்டிவ் தெரபிக்காரங்க. கேள்வி கேட்டுக் கேட்டு உன் எண்ணம் சரியான்னு சோதிக்கிறது அவங்க வேலை.

ரெண்டாவது வேர் அரிஸ்டாட்டில்கிட்ட இருந்து. எல்லா உயிருக்கும் உள்ளுக்குள்ள ஒரு சாத்தியம் இருக்கு, அது தன் முழு வடிவத்தை நோக்கிப் போகுது, மனுஷனுக்கு நல்ல வாழ்க்கைங்கிறது தன் திறமையை எல்லாம் நல்லபடியா செயல்படுத்தி வாழறதுங்கிறது அவரோட பார்வை. இப்போ மாஸ்லோவைப் பாருங்க, 1943 கட்டுரையில மனுஷனோட தேவைகளை வரிசைப்படுத்தி மேல தன்னை முழுசா நிறைவேத்திக்கிற ஆசையை வெக்கிறார். (அந்த முக்கோணம் அந்தக் கட்டுரையில கிடையவே கிடையாது, பின்னாடி மத்தவங்க வரைஞ்சது. எல்லா எச்.ஆர். ட்ரெயினிங்லயும் அதைத்தான் போட்டுக் காட்டுவாங்க.) அந்த வார்த்தையைக் கூட கர்ட் கோல்ட்ஸ்டைன்ங்கிற நரம்பியல் டாக்டர்கிட்ட இருந்து எடுத்தேன்னு மாஸ்லோவே சொல்லிட்டார். ராஜர்ஸ் இதே விஷயத்துக்கு உருளைக்கிழங்கு கதை சொல்லுவார். சின்ன வயசுல அவங்க வீட்டு நிலவறையில குளிர்காலத்துக்கு உருளைக்கிழங்கு சேத்து வெச்சிருப்பாங்களாம், மண்ணு கிடையாது, தண்ணி கிடையாது, எங்கேயோ மேல ஒரு சின்ன ஜன்னல், அந்த வெளிச்சத்தைத் தேடி வெளிறிப்போன முளை ரெண்டு மூணு அடிக்கு நீண்டுட்டுப் போகுமாம். வாழ்க்கையில கோணல்மாணலா வளர்ந்தவங்களைப் பார்க்கும்போது அந்த முளைதான் ஞாபகம் வரும்னு எழுதியிருக்கார். அரிஸ்டாட்டில் கேட்டா தலையாட்டியிருப்பார்.

எல்லாத்துக்கும் தலையாட்டியிருக்க மாட்டார்ங்கிறதையும் சொல்லணும். சில பேர் பிறப்பாலேயே அடிமையா இருக்கத்தான் லாயக்குன்னு எழுதினவர் அவர். பெண்களைப் பத்தி எழுதினதும் படிக்க நல்லா இருக்காது. எல்லா மனுஷனுக்குள்ளயும் ஒரே மாதிரி மதிப்பு இருக்குங்கிற ராஜர்ஸோட அடிப்படையே அங்க இல்ல. அதுவும் இல்லாம அவருக்கு நல்ல வாழ்க்கைங்கிறது ஊரோட, சமூகத்தோட சேர்ந்து வாழறது, தனியா உக்காந்து என்னை நான் கண்டுபிடிக்கிறேங்கிற கதை அவருக்குப் புரிஞ்சே இருக்காது. எல்லாமே கிரேக்கர்கள் அப்பவே சொல்லிட்டாங்கன்னு ஆரம்பிக்கிற கோர்ஸ் ஏதாவது இருந்தா அது வேணாம்னுதான் நான் சொல்லுவேன்.

டெல்ஃபி கோயில் வாசல்ல இருந்த "உன்னை அறி" வாசகம் எல்லாருக்கும் தெரியும், இன்ஸ்டாகிராம்ல கூட வரும். அங்க போனா அந்த எழுத்தைப் பார்க்க முடியாது, அது இப்போ இல்ல. அந்தக் காலத்துல அதுக்கு அர்த்தமும் கிட்டத்தட்ட நீ மனுஷன்தான், சாமி இல்ல, உன் அளவு தெரிஞ்சு நடந்துக்கோங்கிறதுதான், உள்ளுக்குள்ள தேடற விஷயமா அதை மாத்தினதுல சாக்ரடீஸுக்குப் பெரிய பங்கு இருக்கு.

பாடப்புத்தகத்துல வராத ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் ஆன்டிஃபோன். கி.மு. 5ஆம் நூற்றாண்டு. கொரிந்து ஊர்ல சந்தை பக்கத்துல ஒரு ரூம் பிடிச்சு, துக்கத்துல இருக்கிறவங்களை வார்த்தையாலேயே குணப்படுத்துவேன்னு விளம்பரம் பண்ணினாராம். வர்றவங்ககிட்ட என்ன காரணம்னு விசாரிச்சுட்டு ஆறுதல் சொல்லுவாராம். ரூம், விளம்பரம் எல்லாம் இருக்கு, அப்பாயின்ட்மென்ட்டு மட்டும்தான் பாக்கி! கொஞ்ச நாள்ல இந்தத் தொழில் நம்ம தகுதிக்குக் குறைச்சல்னு விட்டுட்டு மேடைப் பேச்சுப் பக்கம் போயிட்டாராம். இது அவருக்குப் பல நூறு வருஷம் கழிச்சு எழுதின குறிப்பு, அதனால அப்படியே நம்பிட வேண்டாம். ஆனா காசு கொடுத்து ஒரு அந்நியர்கிட்ட போய் மனசு விட்டுப் பேசலாங்கிற யோசனை அந்த உலகத்துல இருந்திருக்குன்னு காட்ட இது போதும்.

அடுத்து எபிடாரஸ். ஏதென்ஸ்ல இருந்து பஸ்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். எல்லாரும் அங்க இருக்கிற பெரிய தியேட்டரைப் பார்க்கத்தான் போவாங்க, 12,000 பேருக்கு மேல உக்காரலாம், கீழ நின்னு பேசினா மேல் படி வரைக்கும் கேக்கும். ஆனா அந்த தியேட்டரே ஒரு வைத்தியக் கோயிலோட பகுதிதான், மருத்துவக் கடவுள் அஸ்க்லீப்பியஸ் கோயில். நோயாளிங்க வந்து குளிச்சு, பலி கொடுத்து, ராத்திரி அபாட்டன்ங்கிற கூடத்துல படுப்பாங்க, கனவுல சாமி வந்து குணமாக்கும் இல்லன்னா வழி சொல்லும். குணமானவங்க கதையெல்லாம் கல்லுல செதுக்கி வெச்சிருக்காங்க, இன்னிக்கும் படிக்கலாம். ஏதென்ஸ்ல இருந்து அம்ப்ரோசியான்னு ஒத்தைக் கண்ணு தெரியாத பொண்ணு ஒருத்தி வந்திருக்கா, கல்லுல இருக்கிறதைப் பார்த்துட்டு கனவு கண்டா நொண்டி நடப்பானா, குருடன் பார்ப்பானான்னு சிரிச்சிருக்கா. ராத்திரி கனவுல சாமி வந்து, சரி உன்னை குணமாக்கறேன், ஆனா உன் அறியாமைக்கு ஞாபகமா ஒரு வெள்ளிப் பன்னி செஞ்சு கோயிலுக்குக் கொடுத்துடுன்னு சொல்லிச்சாம். சாமிக்கும் நக்கல் இருந்திருக்கு.

இதுவும் ராஜர்ஸுக்கு நேர் எதிர்தான்னு நீங்க சொல்லலாம், இங்க பதில் சாமிகிட்ட இருந்து வருது. சரிதான். ஆனா அந்த இடத்துல நடந்து பார்த்தா வேற ஒண்ணு புரியும். வந்தவுடனே மருந்து கொடுத்து அனுப்பல, ஊரை விட்டு தூரமா வர வெச்சு, குளிக்க வெச்சு, படுக்க வெச்சு, நாடகம் பார்க்கவும் வழி பண்ணி வெச்சிருக்காங்க, மனுஷன் மாறறதுக்கு ஒரு சூழல் வேணும்னு தெரிஞ்சு கட்டியிருக்காங்க. எபிடாரஸ் போக முடியலன்னா பரவாயில்ல, அதே சாமிக்கு ஏதென்ஸ்லயே அக்ரோபோலிஸ்ங்கிற கோயில் குன்றோட தெற்குச் சரிவுல கி.மு. 420 வாக்குல கட்டின கோயில் இருக்கு, டயோனிசஸ் தியேட்டருக்குப் பக்கத்துலயே. விஷம் ஏறிட்டு இருக்கும்போது சாக்ரடீஸ் கடைசியா சொன்னதும் இந்த சாமியைப் பத்திதான், நண்பர் கிரிட்டோகிட்ட, கிரிட்டோ, அஸ்க்லீப்பியஸுக்கு ஒரு சேவல் கடன் இருக்கு, மறக்காம கொடுத்துடுன்னு.

ஸ்டோயிக்குங்க, எபிகூரஸ் மாதிரி பின்னாடி வந்த கிரேக்கத் தத்துவக்காரங்க எல்லாம் இருக்காங்களேன்னு கேட்டா, இருக்காங்க, ஆனா அவங்க போனது வேற வழி. நம்மளைக் கலங்கடிக்கிறது நடந்த விஷயம் இல்ல, அதைப் பத்தின நம்ம நினைப்புதான்னு எபிக்டீட்டஸ்ங்கிற ஸ்டோயிக் சொன்னதை ஆல்பர்ட் எல்லிஸ்ங்கிற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் எடுத்துக்கிட்டு 1950கள்ல தன் தெரபியைக் கட்டினார். அது ஹ்யூமனிஸ்டிக்கோட பங்காளி வீடு, இப்போதைக்கு அவ்வளவு போதும்.

இப்போ முக்கியமான கேள்வி, ராஜர்ஸ் பிளேட்டோவைப் படிச்சுத்தான் இதெல்லாம் கண்டுபிடிச்சாரா? அப்படிச் சொல்ல முடியாது. அவர் மேல நேரடியா பாதிப்பு பண்ணினவங்க வேற, நியூயார்க்ல படிக்கும்போது கில்பாட்ரிக்ங்கிற பேராசிரியர் வழியா வந்த ஜான் டூவியோட கல்வித் தத்துவம், அப்புறம் ஃப்ராய்ட் கூட்டத்துல இருந்து பிரிஞ்சு வந்த ஓட்டோ ராங்க், எல்லாத்துக்கும் மேல அவர்கிட்ட வந்த க்ளையன்ட்டுங்க. ஆனா ஒரு நூல் இருக்கு. சிகாகோவுல அவர்கிட்ட படிச்ச இறையியல் மாணவர்கள் கீர்க்கெகார்டைப் படிங்க படிங்கன்னு தொல்லை பண்ணி படிக்க வெச்சிருக்காங்க, அவருக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அந்த டேனிஷ் சிந்தனையாளர் கீர்க்கெகார்ட் 1841ல எழுதின ஆராய்ச்சிப் பட்டத்துக்கான கட்டுரை எதைப் பத்தின்னா, சாக்ரடீஸைப் பத்தி. இந்த மாதிரி சுத்தி வளைச்சு வந்த சொந்தம்தான் இது.

ஸ்டடி அப்ராட் விஷயத்துலயும் ராஜர்ஸ்கிட்ட ஒரு கதை இருக்கு. 1922ல காலேஜ் பையனா இருக்கும்போது பீகிங்ல (இப்போ பெய்ஜிங்) நடந்த உலகக் கிறிஸ்தவ மாணவர் மாநாட்டுக்கு அனுப்பினாங்க, ஆறு மாசத்துக்கு மேல பயணம், கப்பல்ல விதவிதமான ஆளுங்களோட பேச்சு. ரொம்பக் கட்டுப்பாடான மதக் குடும்பத்துல வளர்ந்த பையன், போய்ட்டு வந்தப்போ அப்பா அம்மா நம்பிக்கை வேற என் நம்பிக்கை வேறன்னு தெளிவாயிட்டான். வெளிநாட்டுல படிக்கிறதோட பலன் பாதி சிலபஸுக்கு வெளியதான் இருக்குன்னு நான் சொல்றதுக்கு இதுதான் என் சாட்சி.

அப்போ ஏதென்ஸ் போனா என்ன கிடைக்கும்? அகோராங்கிற பழைய சந்தைத் திடலை அமெரிக்க ஆராய்ச்சிப் பள்ளி 1931ல இருந்து தோண்டிட்டு இருக்காங்க. அதோட எல்லையை ஒட்டி ஒரு செருப்புத் தைக்கிறவர் வீட்டைக் கண்டுபிடிச்சாங்க, ஆணி ஆணியா கிடந்துச்சு, பக்கத்துலயே சைமனோடதுன்னு பேர் கீறின கோப்பைத் துண்டு. சாக்ரடீஸ் சைமன்ங்கிற செருப்புத் தைக்கிறவர் கடையில உக்காந்து பேசுவார்னு பழைய குறிப்பு ஒண்ணு இருக்கு. அதே சைமனான்னு உறுதியா சொல்ல முடியாது, ஆனா இந்தப் பேச்செல்லாம் மண்டபத்துல நடந்த சொற்பொழிவு இல்ல, கடை ஓரத்துல நடந்ததுன்னு அங்க நின்னாத்தான் உறைக்கும். மெட்ரோ தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ராஜ மண்டபம்னு ஒரு சின்ன இடிபாடு, 1970ல கிடைச்சது. தியேட்டீட்டஸ் பையனோட பேசி முடிச்சுட்டு சாக்ரடீஸ் நேரா அங்கதான் போறார், தன் மேல போட்ட வழக்குக்குப் பதில் சொல்ல. அரிஸ்டாட்டிலோட லைசியம் 1996ல மியூசியம் கட்டத் தோண்டும்போது கிடைச்சது, 2014ல இருந்து பொதுமக்கள் பார்க்கலாம். ஃபிலோபாப்பஸ் குன்றுல சாக்ரடீஸ் ஜெயில்னு போர்டு போட்ட குகை ஒண்ணு இருக்கும், போட்டோ எடுத்துக்கோங்க, நம்பாதீங்க.

கோர்ஸ் தேடறவங்களுக்கு சில விஷயம். இந்தப் படிப்பு உங்களை கவுன்சலர் ஆக்காது. சர்டிஃபிகேட் வேணும், க்ளையன்ட் பார்க்கணும்னா அதுக்கு சூப்பர்விஷனோட இருக்கிற முறையான ட்ரெயினிங் தனி, இது அதுக்கு மேல போட்டுக்கிற ஆழம். கல்லூரி மாணவர்களுக்காக 1962ல இருந்து நடக்கிற காலேஜ் இயர் இன் ஏதென்ஸ் மாதிரி அமைப்புகள்ல செமஸ்டர் படிப்பு இருக்கு, ஏதென்ஸ் பல்கலைக்கழகத்துல பழைய கிரேக்கத்தைப் பத்தி ஆங்கிலத்துலயே பி.ஏ. இருக்கு, ஆனா இதெல்லாம் தத்துவமும் தொல்லியலும்தான், கவுன்சலிங்கோட முடிச்சுப் போடறது பெரும்பாலும் நீங்களோ உங்க டிபார்ட்மென்ட்டோ பண்ண வேண்டிய வேலை. கவுன்சலிங் டிபார்ட்மென்ட்டே கூட்டிட்டுப் போற குறுகிய கோர்ஸா இருந்தா சிலபஸை வாங்கி ரெண்டு விஷயம் பாருங்க: மூணு மூணு பேரா உக்காந்து கேட்கிற பயிற்சி பண்ண நேரம் ஒதுக்கியிருக்காங்களா, அப்புறம் அடிமை, பெண்கள் பத்தின சங்கடமான பகுதிகளையும் படிக்க வெக்கிறாங்களா. ரெண்டும் இல்லன்னா அது டூர்தான். 90 நாளுக்குள்ளன்னா ஷெங்கன் விசா, அதுக்கு மேலன்னா கிரீஸோட டி விசா. ஜூன் ஜூலையைத் தவிர்க்க முடிஞ்சா தவிருங்க, 2023லயும் 2024லயும் வெயில் தாங்காம அக்ரோபோலிஸையே மத்தியானம் மூடி வெச்சாங்க.

டிக்கெட் போடறதுக்கு முன்னாடி வீட்டுல உக்காந்து ரெண்டே ரெண்டு படிச்சுப் பாருங்க, ராஜர்ஸோட 1957 கட்டுரை, ஒம்பது பக்கம்தான், அப்புறம் தியேட்டீட்டஸ்ல மருத்துவச்சி பேச்சு. முழு தியேட்டீட்டஸ் ஆரம்பத்துக்கு ரொம்பக் கஷ்டம், பக்க ஓரத்துல எண் போட்டிருக்கும் பாருங்க, அதுல 148ல ஆரம்பிச்சு 151 வரைக்கும் படிச்சா போதும்.